இடது பக்கத்தில் நிற்பவள்

பிப்ரவரி 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன். ஆற்றோரச் சாலையில் என் புருஷன் ரஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பனியைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். "ரஸ், உன்கூட இருந்தும் தனியா இருக்கற மாதிரி இருக்கு எனக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குக் கொண்டுவர ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. அவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே, "ஆமா, இன்னும் ரெண்டு நாளைக்குப் பெய்யும்" என்றான்.

பெய்யட்டும்.

மார்ச் 4, திங்கள்

ஹாமில்டனில் நடக்கும் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டதாம். வீடே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. 'நார்த் டோர்' என்று குழுவின் பெயர். நான்கு பழைய ராக் குழுக்களில் கோலோச்சிய நாலு பேர், வயதான காலத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறார்கள். நாலு சம்பந்தியை ஒரே பந்தியில் உட்கார வைத்த மாதிரி என்று நான் சொன்னேன். ரஸ் சிரிக்கவில்லை. நான் சொல்வதற்கு இப்போதெல்லாம் அவன் எதற்குத்தான் சிரிக்கிறான்?

இரண்டு டிக்கெட். ஒன்று அவனுக்கு, ஒன்று கிளெண்டாவுக்கு.

கிளெண்டா வெல்லண்டில் தபால் பட்டுவாடா செய்கிறவள். கணவன் இல்லை. ஏதோ ஒரு கச்சேரி வரிசையில் இவனுக்கு முன்னால் நின்றவள், அப்படியே ஒட்டிக்கொண்டாள். எனக்குச் சத்தம் என்றால் தலை பிளந்துவிடும். அதனால் "அவகூடப் போயிட்டு வாயேன்" என்று முதலில் அனுப்பிவைத்ததே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதை.

ஏப்ரல் 7, ஞாயிறு

நேற்றுக் கச்சேரி. ரஸ் வந்தபோது நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். காலையில், "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தான். சுவரிடம் கேட்டிருந்தால் எதிரொலியாவது வந்திருக்கும்.

ஏப்ரல் 9, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கடையில் பூக்களுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கவுண்டரில் வேலை பார்க்கும் இவெட் கைபேசியோடு வந்தாள். அவள் அண்ணனும் நார்த் டோர் பைத்தியம். ரசிகர்கள் எல்லோரும் கச்சேரி பார்த்ததை எழுதிப் போடும் பக்கத்தைக் காட்டினாள்.

"உன் வீட்டுக்காரர் எழுதினதுக்குத்தான் லைக் குவியுது. 'நாங்க வரிசையில நின்னோம், நாங்க கண்ணத் தொடச்சிக்கிட்டோம்'னு எழுதியிருக்காரே. நீயும் போனியா என்ன?"

"இல்ல."

"ஓ" என்றாள். அந்த 'ஓ'வை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்தேன். மற்றவர்கள் எழுதுவது ஒரே மாதிரி. தாங்கள் இளமையில் கொண்டாடிய ஆளைத் தூக்கிப் பிடித்து, மற்ற மூவரையும் மட்டம் தட்டுகிறார்கள். "எங்க ஆள் இல்லேன்னா இது வெறும் கல்யாணக் கச்சேரி" என்று ஒருவர். "டிரம்ஸ்காரர் மத்த மூணு பேரையும் எழுப்பி உட்கார வச்சாரு" என்று இன்னொருவர். ரஸ் எழுதியது மட்டும் வேறு. டிரம்ஸ்காரர் தோளில் கிடந்த துண்டு, பாடுபவரின் கழுத்து நரம்பு, முன்வரிசையில் பேத்தியைத் தோளில் வைத்திருந்த பெரியவர். நான்கு பேரும் கடைசிப் பாட்டில்தான் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

இவ்வளவு பேச்சு இவனிடம் இருக்கிறதா! எனக்கு ஒரு வார்த்தை தர முடியவில்லை, ஊருக்கெல்லாம் பந்தி வைக்கிறான்.

ஒன்று கவனித்தேன். மூன்றாவது பாட்டில் அரங்கமே மூச்சடக்கி நின்றதாக எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒருவன்: "தலைவரே, நீங்க எந்தக் கச்சேரிக்குப் போனீங்க? அந்தப் பாட்டுக்குத்தான் கூரை பிச்சிக்கிட்டுப் போச்சு. பாடுனதே கேக்கல."

கூரை பிய்ந்தது தெரியாத அளவுக்கு அவன் எதில் மூழ்கியிருந்தான்? எவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்?

ஏப்ரல் 10

பழைய கச்சேரிப் படங்களை எல்லாம் தோண்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கிளெண்டா ரஸ்ஸின் இடது தோளை ஒட்டித்தான் நிற்கிறாள். ஒன்றில்கூட மாறவில்லை. கோயிலில் அம்மனுக்கு ஒதுக்கிய இடம் மாதிரி.

எனக்கு எந்தப் பக்கம் ஒதுக்கியிருக்கிறான்? கனடாக் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம், அதனால் காரில் நான் அவனுக்கு வலது பக்கம். மேசையில் வலது பக்கம். கட்டிலிலும்.

ஏப்ரல் 15, திங்கள்

எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவில் 27ஆம் தேதி அடுத்த கச்சேரி. மேல் வரிசையில் ஓர் ஓரத்து இருக்கை எனக்கும் வாங்கிவிட்டேன். தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக்கொள்ளலாம். பறவை பார்க்கும் தொலைநோக்கியை எடுத்து வைத்திருக்கிறேன். ஐம்பத்தி நாலு வயசுல எனக்கு இந்தப் பொழப்பு.

ஏப்ரல் 28, ஞாயிறு

எப்படி எழுதுவது?

காதில் பஞ்சடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள், நான் கீழே அந்த இருவரைப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டும் தொடங்கியதும் கிளெண்டா கைபேசியில் எதையோ தட்டி அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். அவன் படித்தான், முகம் மலர்ந்தது. பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்து விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். அவனும் பாட ஆரம்பித்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் இதே கதை. இத்தனை ஆயிரம் பேருக்கு நடுவுல கையப் புடிச்சிக்கிட்டு — வெக்கமில்ல?

இடைவேளையில் விடுவிடுவென்று இறங்கினேன். பியர் வரிசையில் கிளெண்டா தனியாக நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"நோரீன்தானே நீங்க? படத்துல பாத்திருக்கேன்." சட்டென்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சொல்லிட்டாரா உங்ககிட்ட? அப்பாடா. எத்தன தடவ சொல்லியிருப்பேன், காது விஷயத்த வீட்ல மறைக்காதீங்கன்னு."

காது.

"சொன்னான்" என்றேன். ஏன் அப்படிப் புளுகினேன்? இவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ள என் கௌரவம் இடம் தரவில்லை.

"வலது சுத்தமா போயிடுச்சு. இடதுல பேச்சு புடிபடுது, பாட்டுதான் எந்தப் பாட்டுன்னே தெரியல. பேரக் காட்டி, தாளத்தத் தட்டிவிட்டாப் போதும், மிச்சத்த அவரே மனசுல பாடிக்குவாரு. இந்தக் கிறுக்கு நமக்கில்லாம யாருக்குப் புரியும், சொல்லுங்க."

நமக்கு என்றாளே, அதில் நான் இல்லை.

இரண்டாம் பாதிக்கு நிற்காமல் எல்லையைத் தாண்டி வந்துவிட்டேன். கள்ளத்தொடர்பு என்றால் சண்டை போட எனக்குத் தெரியும். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதனாலேயே இன்னும் எரிகிறது. என் புருஷனுக்குக் காது போனது, தபால்காரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

மே 1, புதன்

காலையில் நாற்காலியை இழுத்து ரஸ்ஸின் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"கிளெண்டா சொன்னாளா?"

"தெரிஞ்ச மாதிரி நடிச்சேன், சொல்லிட்டா. எங்கிட்ட சொல்றதுக்கு என்ன ரஸ்?"

"சொன்னா கச்சேரிய நிறுத்திடுவ."

நிறுத்தியிருப்பேன். அது உண்மை.

"அப்புறம்... அங்க நான் செவிடன். வீட்லயாவது பழைய ஆளா இருக்கலாம்னு பாத்தேன்."

"வீட்ல நீ ஆளாவே இல்லையே!" என்று கத்தினேன். அது அவனுக்குக் கேட்டது. இரண்டு பேரும் அழுதோம். முட்டை ஆறிப்போனது.

மே 9

காது மருத்துவரிடம் போனோம். இடது காதுக்குக் கருவி வைக்கலாம், வலது போனது போனதுதான் என்றார். கிளெண்டா ரஸ்ஸுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள்: "டாக்டர் என்ன சொன்னாங்க?" அதைக்கூட முதலில் கேட்டவள் அவள்தான். நன்றி என்று நானே பதில் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

மே 24, வெள்ளி

கிங்ஸ்டனில் கடைசிக் கச்சேரி. மூன்று டிக்கெட். கிளெண்டா அவள் வண்டியில் முன்னாலேயே போய்விட்டாள்.

"சாவியக் குடு, நான் ஓட்டறேன்" என்றேன். என் கையில் வண்டியைக் கொடுக்க அவனுக்கு எப்போதும் பயம். இன்று கொடுத்தான். பக்கத்து இருக்கையில் அவன் உட்கார்ந்தபோது அந்த இடது காது, புதுக் கருவியோடு, என் பக்கம் இருந்தது.

எல்லாவற்றையும் பேசிக்கொண்டே போனேன். கடை, இவெட், தங்கை. கேட்டுக்கொண்டே வந்தான். நாலு சம்பந்தி கதையைத் திரும்பச் சொன்னேன், குலுங்கிச் சிரித்தான். அரங்கத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். பிப்ரவரியில் சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல், மறுபடி சொன்னேன்.

ரஸ் சீட் பெல்ட்டைக் கழற்றவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்போலேருந்து?" என்றான்.

சொல்ல ஆரம்பித்தேன். உள்ளே கச்சேரி தொடங்கி, வண்டிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாங்கள் உள்ளே போனபோது ஏதோ ஒரு பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் என்னென்ன பாடினார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது, கிளெண்டாவைத்தான் கேட்கவேண்டும்.