தட்டுக்குப் பதிலாகக் கை

அக்டோபர் 9, புதன்

இல்லை, தட்டு தொலைந்துபோகவில்லை. பையில்தான் இருக்கிறது. எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். நீலத் தட்டை வைத்து, “இதுல அஞ்சு கட்டை வை” என்றால் குழந்தை தட்டைச் சுழற்றுகிறது, தலையில் கவிழ்த்துக்கொள்கிறது, மேசையில் தட்டித் தாளம் போடுகிறது. உள்ளங்கையை நீட்டினால் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறது. நீட்டிய கையைக் கண்டால் கொடுக்கத் தோன்றும்போல.

ஜூலையில், முதல் சுற்றில், தட்டுதான் வைத்தேன். இந்தச் சுற்றில் இரண்டாம் நாளிலிருந்து கை. மதிப்பெண் தாளின் அடியில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. எழுதவில்லை. இதையெல்லாமா எழுதுவார்கள்?

பன்னிரண்டு வாரம், தினம் இருபது நிமிடம், ஆறு பாலர் பள்ளிகளில் தவளை வரும் கார்ட்டூன் தொடர் காட்டியாயிற்று. தவளை எண்ணும். எழுத்துகளை நாக்கால் பிடித்து விழுங்கும். மற்ற ஆறு பள்ளிகளுக்குத் தவளை இல்லை. இரண்டு பக்கமும் நாலு வயதுக் குழந்தைகளைச் சோதித்து, தவளை எதையாவது கற்றுக்கொடுத்ததா என்று பார்க்கவேண்டும். எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்று சோதிப்பவருக்குத் தெரியக்கூடாது, இருவரும் எல்லாப் பள்ளிகளுக்கும் மாறி மாறிப் போகவேண்டும். விதி அப்படி. ஆனால் பதினேழாம் எண் பேருந்து என் வாசலிலேயே நிற்கிறது. அது போகிற வழியில் இருக்கும் ஆறு பள்ளிகளும் தவளைப் பள்ளிகள்; குழந்தைகள் பாடும் பாட்டிலேயே தெரிந்துவிடும். “நீ அந்தப் பக்கம் பாத்துக்க, நான் இந்தப் பக்கம்” என்று அளவுகோலிடம் சொன்னது நான்தான்.

அளவுகோல் என் சக ஆய்வாளன். உயரம், விறைப்பு. சிரிப்பைக்கூட மில்லிமீட்டரில்தான் தருவான். முகம் சுளித்தான். பிறகு ஒத்துக்கொண்டான். மனைவி மாசமாக இருக்கிறாள், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

அக்டோபர் 10, வியாழன்

பதினோரு குழந்தைகள். நாள் முழுக்க மழை. ஒன்பது பேர் போன தடவையைவிட மேல். தவளை வாழ்க.

அக்டோபர் 15, செவ்வாய்

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட சிறுமி ஆறுக்கு ஆறு. ஜூலையில் ஆறுக்கு ஒன்று.

மூன்று, ஐந்து, நான்கு, ஏழு — கேட்டதையெல்லாம் சரியாகக் கையில் வைத்தாள். கட்டையைப் பார்க்கவே இல்லை, என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரமான சின்ன விரல்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதி வைக்கிறேன், சந்தோஷம் இந்த நோட்டில் அடிக்கடி வருவதில்லை.

வெளியே அவளுடைய டீச்சர், கையில் ஈரத் துடைப்பத்தோடு.

“ஏம்மா, அதுக்கு முழு மார்க்கா? நேத்து நாலு பென்சில் எடுத்துட்டு வாடின்னேன். டப்பாவோட தூக்கிட்டு வருது.”

“சோதனைச் சூழல் வேற, வகுப்பறைச் சூழல் வேற டீச்சர்.”

“சூழல்,” என்று சொல்லிப் பார்த்தார், புளித்த மாதிரி. “இருக்கட்டும். எண்ணத் தெரியாததுங்களுக்குத் தனியா நடத்துற சின்னக் குழுவுக்கு உங்க தாளைப் பாத்துத்தான் ஆள் எடுக்கணுமாம். எட்டு பேருக்குத்தான் இடம். இவளைச் சேக்கலாம்னு நெனச்சிருந்தேன்.”

“அவளுக்குத் தேவைப்படாது.”

தயங்காமல் சொன்னேன். பேருந்தில் உட்கார்ந்து அந்தப் பதிலை ரசிக்கக்கூடச் செய்தேன்.

அக்டோபர் 23, புதன்

எண்கள் வந்துவிட்டன. எழுத்துச் சோதனையில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. எண்ணில் தவளைப் பக்கம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. ஆய்வை நடத்தும் மேடம் திரையை இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுத்துல மண்டு, கணக்குல புலி. நம்ம தவளை.”

அவர் சிரித்து நான் பார்த்தது மூன்றாவது முறை. அடுத்த கட்டத்துக்கு நிதி கிடைக்கும் என்றார். கிடைத்தால் எனக்கும் அளவுகோலுக்கும் இன்னும் மூன்று வருடம் வேலை. “உன் ஆய்வேடும் இதுலயே முடிஞ்சிடும்மா.”

ஒரே தவளை, ஒரே இருபது நிமிடம். எண் மட்டும் எப்படி? கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

இதை நிதானமாக எழுதவேண்டும்.

அக்கா தையல் வேலையை ஒதுக்கிவிட்டுச் சமையலறையில் இருந்தாள். பாப்பா — அவள் மகள், நாலு வயது — பொத்தான் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, “சித்தி, தவள வெளையாட்டு” என்றாள். கை நீட்டினேன். அஞ்சு கேட்டேன், அஞ்சு வந்தது. ஏழு, ஏழு.

“அக்கா, உம்பொண்ணு புலி.”

“புலிய அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வரச் சொல்லு.”

இரண்டு கையும் கொள்ளாமல் கொண்டுவந்தாள். தரையில் போட்டாள். அஞ்சா என்றேன். அஞ்சு என்றாள், கம்பீரமாக.

மறுபடி பொத்தான். ஆறு. சரியாக ஆறு. நிமிர்ந்தால் அக்கா வாசல்படியில், கை சொட்டச் சொட்ட.

“நீ ஏன் கைய மூடுற?”

“மூடலையே.”

“மூடுறடி. ஆறாவது விழுந்ததும் விரல் மடங்குது. அவ பொத்தானையா பாக்குறா? உன் கையத்தான் பாக்குறா. இன்னொரு வாட்டி செய்.”

செய்தேன். விரல்களை விறைப்பாக விரித்து, மரம் மாதிரி வைத்துக்கொண்டேன். நாலு கேட்டேன். பாப்பா வைத்தாள், வைத்தாள், வைத்துக்கொண்டே இருந்தாள். நாலு தாண்டி, எட்டு தாண்டி, கையில் இடமில்லாமல் பொத்தான்கள் உருண்டன. ஒவ்வொன்றுக்கும் என் விரல்களைப் பார்த்தாள். டப்பா காலியானதும், “சித்தி, கை ரிப்பேரா?” என்றாள்.

அக்கா சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அக்டோபர் 28, திங்கள்

சோதனைகளைப் படம்பிடித்து வைத்திருக்கிறோம். இன்று என் குழந்தைகள் நாற்பதைப் பார்த்தேன், ஒலியில்லாமல், கையை மட்டும்.

மூடுகிறது. ஐந்து என்றால் ஐந்தாவது கட்டையில், ஏழு என்றால் ஏழாவதில். அரை விரற்கடைதான், பூ வாடுகிற மாதிரி. சில சமயம் கை லேசாக என் பக்கம் வருகிறது, வாங்கியாயிற்று என்பதுபோல.

சிவப்பு ஸ்வெட்டரை நாலு முறை பார்த்தேன். அவள் எண்ணவில்லை. என்னைப் படித்தாள். அதில் மட்டும் அவள் தேறிவிட்டாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

நான் பொய் சொல்லவில்லை. எனக்கு விடை தெரியும், கைக்கும் தெரிந்திருக்கிறது. இது பொய் இல்லையா? வேறு என்ன?

அக்டோபர் 30, புதன்

அளவுகோலிடம் காட்டினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு நின்றான்.

“உன் படங்கள்ல இருபதைப் பாத்து, எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான்.”

“அப்ப எதைப் பாத்த?”

“கட்டைய எண்ணினேன்.” நாற்காலியை மறுபடி இழுத்து உட்கார்ந்தான். “இந்த ஆய்வுல ஒழுங்கா எண்ணினது நாம ரெண்டு பேர்தான் போல.”

அவன் பக்கத்துப் பள்ளிகளில் எல்லாம் தட்டு. விதியில் இருந்தபடி, மேசை நடுவில், விளிம்பு தொடாமல்.

“ஜனவரில குழந்தை பொறக்குது,” என்றான்.

நவம்பர் 1, வெள்ளி

சொல்லவில்லை.

நவம்பர் 4, திங்கள்

ஆய்வுக்கு ஆதரவு தரும் நிறுவனத்துக்கு மேடம் அறிக்கையை அனுப்பிவிட்டார். கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு என் மேசையிலேயே காய்ந்துபோனது.

நவம்பர் 6, புதன்

சொன்னேன்.

மேடம் படத்தைப் பார்த்தார். ஒரு முறை போதுமாக இருந்தது அவருக்கு. கெட்டிக்காரர். சன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் யாரோ கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அறிக்கை திங்கட்கிழமையே போயிடுச்சேம்மா.”

“தெரியும் மேடம்.”

“திங்கட்கிழமைக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா?”

தலையாட்டினேன்.

“உன்னப் பொய் சொல்லச் சொல்லல. அடுத்த கட்டத்துல தட்டு வச்சு ஒழுங்கா செய்வோம். இப்போதைக்கு ஒரு வரி சேத்துடலாம். ‘சோதிப்பவரின் நடைமுறையில் சிறு மாறுபாடு.’” கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “உன் ஆய்வேட்டுல மூணு அத்தியாயம் இது மேலதான் நிக்குது. யோசிச்சியா?”

யோசித்தேன். ஒன்பது நாளாக அதைத் தவிர வேறு எதை யோசித்தேன்?

சிறு மாறுபாடு. நல்ல சொற்கள். நானே எழுதியிருப்பேன்.

நவம்பர் 11, திங்கள்

சம்மதப் படிவங்களைத் திருப்பிக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம்.

சின்னக் குழு தொடங்கிவிட்டது. சன்னலோரம் வட்ட மேசை, எட்டு நாற்காலி, டீச்சர். ஒவ்வொரு குழந்தைக்கும் முன்னால் காய்ந்த அவரை விதைகள், ஒரு கிண்ணம். ஒன்று வை. இன்னும் ஒன்று வை. இப்போ எத்தனை? பொறுமை பொறுமையாக, சலிப்பூட்டும்படி. திரையில் இப்படி அரை நிமிடம் காட்டினால் எந்தக் குழந்தையும் எழுந்து போய்விடும்.

மற்றவர்கள் தவளை முன்னால். பள்ளிக்கு இனி அது இலவசம், நாங்கள்தான் கொடுத்தோம். சிவப்பு ஸ்வெட்டர் முதல் வரிசை. பத்து வரை பாடுகிறாள், சுருதி பிசகாமல், தவளைக்கு முன்னாலேயே. பாட்டு முடிந்ததும் கை தட்டுகிறாள்.

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கோபம்கூட இல்லை. தாள் சொன்னதைச் செய்திருக்கிறார்.

நவம்பர் 12, செவ்வாய்

மேடத்துக்குக் கடிதம் எழுதினேன். தட்டு, கை, பேருந்து வழி, எந்தப் படத்தில் எத்தனையாவது நொடியில் விரல் மடங்குகிறது — எல்லாம். “சிறு” என்ற சொல் எங்கும் இல்லை. ஆய்வுக்கு ஆதரவு தந்த நிறுவனத்துக்கும் ஆறு பள்ளிகளுக்கும் பிரதி.

அனுப்பும் முன் அளவுகோலிடம் காட்டினேன். ஒரு காற்புள்ளியைத் திருத்தினான்.

“கீழ என் பேரையும் போடு.”

“உனக்கென்ன தலையெழுத்தா? தட்டு வச்சவன் நீ.”

“பஸ் விஷயத்துக்குத் தலையாட்டினவனும் நான்தான். போடு, பேசாத.”

போட்டேன். பிறகு கழிப்பறைக்குப் போனேன். அழவில்லை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கையைக் கழுவினேன், அழுக்கே இல்லாத கையை.

நவம்பர் 20, புதன்

அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. தவளைப் பள்ளிகளில் மறுசோதனை உண்டு, அளவுகோல் மட்டும் செய்வான், தட்டோடு. நான் கேமராவைப் பார்த்துக்கொள்ளலாம். என் ஒப்பந்தம் டிசம்பரோடு சரி. ஆய்வேடு பற்றி யாரும் பேசவில்லை.

மேடம் கத்தவில்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. “படிவத்துல கையெழுத்துப் போட்டுடுங்க,” என்றார்.

போட்டுடுங்க. நாலு வருடமாக நீ, வா, போ, சாப்பிட்டியா.

நவம்பர் 24, ஞாயிறு

அக்கா, “நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டி” என்றாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். இரண்டு முறை தவறியது.

டிசம்பர் 5, வியாழன்

கடைசிப் பள்ளி. அளவுகோல் குழந்தை நாற்காலியில், முழங்கால் காதைத் தொட. நான் மூலையில் கேமராவோடு.

சிவப்பு ஸ்வெட்டர் வந்து உட்கார்ந்தாள். நீலத் தட்டைப் பார்த்தாள். பிறகு சுற்றிப் பார்த்து என்னைக் கண்டுபிடித்தாள்.

“மிஸ், கை?”

“இன்னிக்கு இதுலதான் வைக்கணும்,” என்றான் அவன். “நாலு கட்டை வை பாப்பம்.”

ஒன்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்னொன்று, மறுபடி பார்வை. நான் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தேன். நாலாவது விழுந்தபோது விரல்கள் துடித்ததை உணர்ந்தேன், நாற்காலிப் பலகைக்கும் காலுக்கும் நடுவில். ஐந்து. ஆறு. பதினைந்து கட்டைகளும் தட்டுக்குப் போயின. கடைசியில் வெறும் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அவ்ளோதான் இருக்கு” என்றாள், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அளவுகோல் பதினைந்து என்று எழுதினான். எல்லாம் முடிந்தபோது ஆறுக்கு ஒன்று, ஜூலையில் போலவே. மற்றக் குழந்தைகளும் ஏறக்குறைய அப்படித்தான்.

டீச்சரிடம் போய் நின்றேன். அன்று நான் சொன்னது தவறு என்றேன். என் கடிதத்தைப் படித்திருக்கிறார்.

“எட்டுக்கு மேல என்னால ஆவாதும்மா. நாற்காலி இருக்கு. கூட ஒக்காந்து சொல்லிக்குடுக்கத்தான் ஆளில்ல.”

ஜனவரியிலிருந்து வருகிறேன், செவ்வாயும் வியாழனும் பத்து மணிக்கு என்றேன். விதையும் கிண்ணமும் நானே கொண்டுவருவேன் என்றேன். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினேழாம் எண் பேருந்தில் ஏறினேன்.