கடல் இல்லாத நாடு

இன்று காலை கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது விரல் இடுக்கில் பொடி ஒட்டியிருந்தது. தட்டிவிட மனமில்லாமல் நின்றேன், அக்கா. நீங்கள் போய்ச்சேர்ந்த செய்தி வந்ததிலிருந்து கை எந்த வேலையில் இருந்தாலும் மனசு நாம் அடுத்தடுத்த வீட்டில் இருந்த லோத்குண்டா கம்பெனி குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறது.

கம்பெனி நம் வீட்டுக்காரர்கள் இருவரையும் பயிற்சிக்குச் செக்கோஸ்லோவாகியா அனுப்பியிருந்தது. அறுபத்தெட்டு ஆகஸ்டில் அந்த நாட்டின் பிராக் நகருக்குள் அண்டை நாடுகளின் டாங்கிகள் நுழைந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. அதன்பிறகு கடிதம் இல்லை. ஆபீஸில் கேட்டால், தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் விடிந்ததும் உங்கள் வாசலைப் பார்த்தேன். கோலம் இல்லை. துக்கம் நடந்த வீட்டில்தானே போடமாட்டார்கள்? உங்களுக்கு வந்தது அடுத்து எனக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டே ஓடிவந்தேன்.

நீங்களோ கொல்லைப்பக்கச் சிமெண்டுத் தரையில் குந்தி, இருந்த கோலப்பொடியை எல்லாம் கொட்டி அந்த நாட்டையே வரைந்து வைத்திருந்தீர்கள். காவியில் மலை, நீலத்தில் ஆறு. உங்கள் மகள் மீனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா எங்க இருக்காருன்னே நம்ம குழந்தைகளுக்குத் தெரியலை. தெரியாத இடம்னா பயம் ஜாஸ்தி. வாசலுக்குப் பொடி மிஞ்சலை" என்றீர்கள். உங்களைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகை முந்திக்கொண்டது.

என் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னீர்கள். அந்த நாட்டை ராஜாக்கள் ஆண்டது, ஜெர்மன்காரன் வந்து பிடித்தது, அவன் போனது எல்லாம் சொன்னீர்கள். மீனா மட்டும் எல்லைக்கோட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"சமுத்ரமே லேதா, அம்மா? அப்ப அப்பா எப்படிக் கப்பல்ல வருவாரு?"

கடலே இல்லையா என்று அக்கம்பக்கத்துத் தெலுங்கு கலந்து கேட்டாள்; அப்பாவைப் பம்பாயில் கப்பலேற்றி அனுப்பியதைப் பார்த்த குழந்தை அவள்.

"சுத்தி எத்தனை நாடு பாரு. எல்லாப் பக்கமும் வாசல்தான்" என்றீர்கள். அந்த வாசல்கள் வழியாகத்தான் டாங்கிகளும் வந்தன என்பது நம் இருவருக்கும் தெரியும். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தந்தி முதலில் எனக்குத்தான் வந்தது. சந்தோஷப்படவும் கூச்சமாக இருந்தது. நீங்களே வாங்கிப் படித்து, என் பிள்ளைகளிடம் அவர்கள் அப்பா பத்திரம் என்று சொன்னீர்கள்.

"நம்ம அப்பா?" என்றாள் மீனா.

நல்லா இருப்பாரு என்று நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் அவளை மடியில் இழுத்துக்கொண்டு, "தெரியலைடி. எனக்கும் பயமாத்தான் இருக்கு. தெரிஞ்சதும் உங்கிட்டதான் முதல்ல சொல்வேன்" என்றீர்கள். குழந்தை அழவில்லை. அன்று உங்கள் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

பிறகு உங்களுக்கும் தந்தி வந்தது. இருவரும் ஒன்றாகவே திரும்பினார்கள்.

இப்போது என் மகன் வேலை பார்க்கும் ஊரில் சண்டை. நேற்றிலிருந்து போன் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் ஆகாதே பாட்டி என்று பேத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒன்றும் ஆகாது என்ற பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அக்கா. விழுங்கிவிட்டு அவளை மடியில் இழுத்துக்கொண்டேன்.