வலி என்றொரு கட்டம்

ஜனவரி 5, திங்கள்

காலையில் நல்ல பனி. பள்ளிவாசல் மினாரா பாதிதான் தெரிந்தது. நேற்றுப் போட்ட துணியே இன்னும் காயவில்லை.

மொழிபெயர்ப்பு: அத்தியாயம் 6 முடிந்தது. மீதி ஐந்து. பதிப்பாளர் தம்பி கேட்டிருப்பது மாதக் கடைசி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் வரலாறு, நானூறு பக்கம். பிரிந்து போகிறோம் என்ற தெற்கு, விடமாட்டோம் என்ற வடக்கு, சண்டைக்கு வேராக அடிமைகள். நாலு வருடம் வெட்டிக்கொண்டு செத்தார்கள். அதைச் சேலம் கோட்டைப் பக்கத்துச் சந்தில், இவர் கொலுசுக் கடைக்குப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் தமிழாக்குகிறேன். எனக்கே சிரிப்பு.

இன்றைக்குத் தகராறு செய்த சொற்கள்:

ஒன்று, 'ஒன்றியப் படை'. வடக்குப் படைக்கு வேறு சொல் இல்லை. படிக்கிறவருக்குப் பஞ்சாயத்து ஒன்றிய ஆபீஸ்தான் ஞாபகம் வரும், பி.டி.ஓ. குதிரையில் வருகிற மாதிரி. வரட்டும்.

இரண்டு, எஜமானிடமிருந்து தப்பி வடக்கே போன பெண். 'ஓடிப்போனவள்' என்று எழுதிவிட்டு அடித்தேன். நம் ஊரில் ஓடிப்போனவள் என்றால் கதையே வேறு. 'தப்பியவள்'.

மூன்று, அடிமை. இதில் சிக்கல் இல்லை. ஆனால் இவரிடம் சொன்னேன், உங்கள் பெயரிலேயே இருக்கிறது, அப்துல் என்றால் அடிமைதானே என்று. ரஹீமுக்கு மட்டும்தான், அதாவது படைத்தவனுக்கு மட்டும்தான் என்றார். எனக்கில்லையா என்றேன். பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

கேஸ் சிலிண்டருக்குச் சொல்லவேண்டும். தையல்காரரிடம் ஜாக்கெட். சபீனா மகள் நிக்காஹுக்கு இன்னும் 13 நாள்.

ஜன. 7, புதன்

சபீனா பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாள். இவருடைய தங்கை. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வந்தால் கூடவே ஒரு மஞ்சள் வாசனை. பத்திரிகை பச்சை நிறம், தங்க எழுத்து. 'எங்கள் செல்வ மகள் ஷிபா.' மாப்பிள்ளை ஆத்தூர், கம்ப்யூட்டர் வேலை.

இந்த நோட்டில்கூட இதுவரை 'சபீனா மகள்' என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். பழக்கம். யார் படிக்கப் போகிறார்கள்? ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்: ஷிபாவைப் பெற்றவள் நான்.

சபீனாவுக்கு மூன்று தடவை கரு நிற்காமல் போனது. நாலாவது தடவையும் போனபோது எனக்கு ஏழாம் மாதம். ஊரில் யாரிடமும் சொல்லாமல், பிரசவத்துக்கு என்று அம்மா வீட்டுக்கு, அதாவது இங்கே, வந்து உட்கார்ந்துவிட்டாள். நாற்பதாம் நாள் குழந்தையோடு போனாள். சான்றிதழ் எல்லாம் அவர்கள் பெயரில். ஒருத்தரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லோரும் கேட்டார்கள். உனக்குத்தான் ஒரு பையன் இருக்கிறானே, இன்னொன்றும் பிறக்கும் என்றார்கள். பிறக்கவில்லை.

ஷிபாவுக்குத் தெரியாது. நான் அவளுக்கு மாமி. பெருநாளுக்குப் பெருநாள் வருவாள், பிரியாணியில் உருளைக்கிழங்கைப் பொறுக்கித் தின்பாள், போய்விடுவாள். அவள் உட்கார்ந்து போன நாற்காலியை இரண்டு நாளைக்கு நகர்த்தமாட்டேன். இருபத்துமூன்று வருடமாக இதுதான் என் பைத்தியம்.

சபீனா போகும்போது கட்டிக்கொண்டாள். அழகாக இருக்கிறது பத்திரிகை என்றேன்.

ஜன. 9, வெள்ளி

அத். 7. போர் முடிந்து, விடுதலை கிடைத்து, அதன் பிறகு. ராணுவத் தளபதிகள் போய்விட்டார்கள், அப்பாடா.

விடுதலையான ஆட்கள் முதலில் செய்தது தேடல். விற்கப்பட்டுச் சிதறிய அம்மாவை, பிள்ளையை, புருஷனை. பத்திரிகைகளில் அறிவிப்பு கொடுத்திருக்கிறார்கள். போர் முடிந்து வருடக்கணக்காக, இருபது முப்பது வருடம் கழித்தும். பிள்ளைக்கு அப்போது என்ன வயது, எந்த ஊரில் பிரிந்தோம், யார் வாங்கிப் போனது, அப்போது என்ன பெயர். எஜமான் மாறினால் பெயரும் மாறும், அதனால் பழைய பெயரையும் போடுவார்கள். தேவாலயங்களில் போதகர் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பாராம், எழுதப் படிக்கத் தெரியாதவர் காதிலும் விழட்டும் என்று. கிடைத்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

நம் பேப்பர் மாதிரி 'காணவில்லை' என்று தலைப்பு வைத்தேன். சரியில்லை. காணாமல் போகவில்லையே அவர்கள். 'தேடுகிறேன்' என்று மாற்றினேன். மாற்றிவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன், தேவையே இல்லாமல். மூன்று வெங்காயம்.

ஒன்றைத் திட்டமாக எழுதிவைக்க வேண்டும். அவர்களோடு என்னைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. என்னை யாரும் சந்தையில் நிறுத்தவில்லை. அவர்களிடமிருந்து பிடுங்கினார்கள். நான் குளிப்பாட்டி, மை வைத்து, சட்டை மாற்றி, கையில் கொடுத்தேன். அந்தத் தாய்மார் தேடலாம். எனக்கு அந்த உரிமை கிடையாது. முகவரி தெரியும், முப்பத்தைந்து கிலோமீட்டர், பஸ் இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை இன்று.

ஜன. 10, சனி

பத்து மணிக்கு சபீனா வீட்டுக்காரர் வந்தார். தனியாக, சொல்லாமல். நல்ல மனுஷன், பேசவே யோசிப்பவர். இவரைக் கடைக்குப் போகவிடாமல் உட்கார வைத்தார். டீ ஆறிப்போனது.

விஷயம் இதுதான். நிக்காஹ் பதிவேட்டில் 'வலி' என்று ஒரு கட்டம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் உரிமையுள்ள ஆண், பெரும்பாலும் அத்தா, அதாவது தகப்பன். (வெளியாள் பார்த்தால் எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்பான். மொழிபெயர்ப்பாளர் புத்தி, எந்த நேரத்திலும் சும்மா இருக்காது.) அந்தக் கட்டத்தில் தன் பெயரைப் போட அவருக்கு மனசு ஒப்பவில்லை. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார். வளர்த்த பிள்ளையைப் பெற்றவர் பெயரால்தான் அழைக்கவேண்டும், பெற்ற தகப்பன் உயிரோடு இருக்கும்போது வேறு ஆள் வலியாக நின்றால் நிக்காஹே கேள்விக்குரியது என்று சொல்லிவிட்டார்.

"இத்தன வருசம் புள்ள என்னைய அத்தா, அத்தான்னு கூப்பிட்டிருச்சு. அதுக்கு நான் கொடுத்து வெச்சிருக்கோணும். ஆனா நிக்காஹ்ல பொய் சொல்லிப் புள்ளைய அனுப்ப எனக்குப் பயமா இருக்குதுங்க மச்சான். நீங்கதான் வந்து நிக்கோணும்."

இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆம்பிளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்ற இடம் அடுப்படி நிலைப்படி. சந்தோஷமா என்று யாராவது கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான். அவள் காதில் விழப்போகிறது.

ஜன. 11, ஞாயிறு

சபீனா போன். முதலில் மஞ்சள் விலை, பந்தல்காரன், மாப்பிள்ளை வீட்டார் பதினைந்து பேர் கூடுதலாக வருவது. அப்புறம் அழுகை. ஹஜ்ரத்தை நான்தான் தூண்டிவிட்டேன் என்று நினைக்கிறாள்.

"அண்ணி, குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்களா?"

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். போனை வைத்த பிறகு பொய் சொன்னேனோ என்று யோசித்தேன். மத்தியானம் முழுக்க அதே யோசனை. கேட்கவில்லைதான். கேட்காமலே கிடைக்காதா என்று ஏங்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேலை ஓடவில்லை. ஒரு பத்தி மட்டும். போர் நடந்தபோது தெற்கின் பருத்தி நின்றுபோய் இந்தியப் பருத்திக்கு ஏக கிராக்கியாம். நம் பக்கத்துக் காட்டுப் பருத்தியும் கப்பலேறியிருக்கும். அங்கே அழுகை, இங்கே யாரோ புது ஓடு வேய்ந்திருப்பார்கள்.

ஜன. 13, செவ்வாய்

தெருவெல்லாம் கரும்பு. கூட்டம். ஜாக்கெட் வந்தது, கை இறுக்கம், திருப்பிக் கொடுத்தேன்.

அத். 8 தொடக்கம். கொஞ்சம் பின்னால் போய்ச் சட்டங்களைச் சொல்கிறது. அந்த நாட்டில் அடிமையின் பிள்ளை யார் என்பதைத் தாயைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் அந்த எஜமானாகவே இருந்தாலும். கேவலமான சட்டம். தாயை வைத்தே பிள்ளையைக் கட்டிப்போடுவது.

இவரிடம் கேட்டேன், பதிவேட்டில் தாய் பெயருக்குக் கட்டம் உண்டா. யோசித்துவிட்டு, நம் ஜமாஅத்தில் இல்லை என்றார். பெண் பெயர், தந்தை பெயர், வலி, சாட்சி, மாப்பிள்ளை கொடுக்கும் மஹர். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன். புத்தகத்துக்கா என்றார். ஆமாம் என்றேன்.

ஜன. 15, வியாழன்

பொங்கல். மாடி வீட்டு அக்கா சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினார், முந்திரி தாராளம்.

நாலு மணிக்கு அவர்கள் ஷிபாவிடம் சொல்லிவிட்டார்கள். சபீனா வீட்டுக்காரர் போனில் இவரிடம் சொன்னார். கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அழவில்லையாம். "சரிங்கத்தா" என்று மட்டும் சொன்னாளாம். எழுந்துபோய்க் காயப்போட்ட துணியை மடித்தாளாம்.

என் போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சார்ஜ் போட்டு. சத்தத்தைக் கூட்டி. பால்காரர், கூரியர், மகன் பெங்களூரிலிருந்து லீவு இல்லை, சனிதான் வருகிறேன் என்று. அவள் இல்லை.

ஜன. 16, வெள்ளி

கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவள் எண்ணைத் திறந்து பார்த்தேன், நாலு தடவை. கடைசியாக அனுப்பியிருந்தது போன மாதம், ஒரு சுடிதார் படம், 'மாமி இந்தக் கலர் ஓகேவா'. ஓகே என்று பதில் போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் போட்டிருக்கலாம்.

ஜன. 17, சனி

நாமகிரிப்பேட்டை. மகன் ஓட்டினான். வழியெல்லாம் மஞ்சள் காடு. எங்கே பார்த்தாலும் வெட்டு ஆரம்பித்துவிட்டது.

ஷிபா கைகளில் மருதாணியோடு இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். "வாங்க மாமி." எப்போதும் போல. குரலில் எதையாவது பிடிக்க முடியுமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாகம் என்றாள். சுற்றிப் பத்துப் பேர் இருந்தோம். சபீனா தண்ணீர் கொண்டுவந்து டம்ளரை வாயில் பிடித்தாள். அதுதான் முறை. நான் மல்லிகைப் பூவைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஜன. 18, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

பெண்கள் மாடியில். ஸ்பீக்கரில் கேட்டோம். ஹஜ்ரத் குரல்: அப்துல் ரஹீம் அவர்களின் மகள் ஷிபா. தெளிவாக, இரண்டு தடவை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மா, "யார் மகள்னு சொன்னாங்க?" இன்னொருத்தி, "மைக்கு சரியில்லீங்க."

சபீனா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முழங்காலில் கையை வைத்தாள், எடுக்கவில்லை. என் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் தோன்றியது, என் ஏக்கத்துக்கு நிகராக அவளுக்கு ஒரு பயம், அதுவும் இருபத்துமூன்று வருடம்.

பதிவேடு மாடிக்கு வந்தது. ஷிபா கையெழுத்துப் போட்டாள். மேலே இவர் பெயர் இருந்ததை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான்.

கார் ஏறும்போது சபீனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு சபீனா வீட்டுக்காரரை, அவள் அத்தாவை. பிறகு வரிசையாக எல்லோரையும். என் முறை வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் நேரமாயிற்று என்றார்கள். "வாரேனுங்க மாமி" என்றாள்.

சாப்பாடு: பிரியாணி நன்றாக இருந்தது, தால்ச்சாவில் உப்பு கம்மி.

ஜன. 20, செவ்வாய்

பனி விட்டது. வெயில். அத். 8 முடிந்தது. பதிப்பாளர் தம்பிக்கு ஒரு வாரம் தள்ளிக் கேட்டு எழுதினேன்.

மூன்று மணிக்குப் போன். ஷிபா, ஆத்தூரிலிருந்து. மாமியார் படுத்திருக்கிறார், மொட்டைமாடியில் நிற்கிறேன் என்றாள். குழாயில் உப்புத் தண்ணீர், தலைமுடி கயிறாகிவிட்டது என்றாள். வெந்தயம் அரைத்துத் தேய்க்கச் சொன்னேன்.

"மாமி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

கேள் என்றேன். ஏன் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பாள் என்று பதிலைப் பத்து விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஷிபாங்கறது அம்மா வெச்ச பேரு. அதுக்கு முன்னால அந்த நாப்பது நாளு என்னைய என்னன்னு கூப்பிட்டீங்க?"

ஏழாம் நாள் வைத்த பெயர். இவருக்கே மறந்திருக்கும். பர்வீன் என்றேன்.

"அப்படியில்லீங்க. கூப்பிடுங்க."

அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும். கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"சொல்லுங்க" என்றாள்.

சொல்ல ஒன்றுமில்லை. கூப்பிடத்தான் கூப்பிட்டேன்.