தங்கச்சி வீட்டு விலாசம்

பிஷ்கெக்
20 செப்டம்பர் 2003

அன்புள்ள குல்சூன் அக்காவுக்கு,

மீரிம் பத்திரமாக வந்து சேர்ந்தாள். நீ கொடுத்தனுப்பிய குருத் தயிர் உருண்டைகளை என் வீட்டுக்காரரே தின்று தீர்த்துவிட்டார். தலைமையாசிரியை எனக்குத் தெரிந்தவர் என்பதால், உன் மகளை என் அடினாயின் வகுப்பிலேயே சேர்த்துவிட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. புதன்கிழமைகளில் அடினாய்க்குக் கணக்குச் சொல்லித்தர லாரிஸா டீச்சர் வீட்டுக்கு வருவார். இந்த வாரம் அடினாய் விடை தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த உன் மகள் உள்ளேயிருந்து விடையைச் சொல்லிவிட்டாள். "உங்க வீட்ல சமையலறைக்குத்தான் கணக்கு நல்லா வருது" என்று டீச்சர் சிரித்தார். என் பெண் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அதனால் இனி அந்த நேரத்தில் மீரிமை ரொட்டி வாங்க அனுப்பப்போகிறேன். நடந்தால் அவளுக்கும் நல்லதுதானே?

உன் தங்கச்சி
ஜூரா


அட்-பாஷி
12 அக்டோபர்

அருமை ஜூராவுக்கு,

எல்லோரும் நலம். முதல் பனி விழுந்துவிட்டது.

ரொட்டிக்கடை உன் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கிறதாமே. மூன்று தெரு தள்ளியிருக்கும் கடைக்கு அனுப்புகிறாய் என்று மீரிம் எழுதியிருந்தாள். குறையாகச் சொல்லவில்லை, அங்கே ரொட்டி சூடாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தாள். எனக்குத்தான் புரிந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக் கணக்கு வாத்தியார் கட்டட வேலைக்கு ரஷ்யா போய்விட்டார். விளையாட்டு வாத்தியார்தான் புத்தகத்தைப் பார்த்து எழுதிப்போடுகிறார். இந்த நேரம் பார்த்து, அடினாய் தனி மேசையில் விளக்கு வைத்துப் படிக்கும் படத்தை நீ அனுப்புகிறாய். அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். வயிறு எரிந்தது, ஜூரா. பிள்ளைமேல் இல்லை, அந்த விளக்குமேல்.

அக்கா
குல்சூன்


பிஷ்கெக்
14 டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்போதும் இப்படித்தான், பட்டென்று எழுதிவிடுவாய். எனக்கு மட்டும் வயிறு எரியாதா? நான் ஊர்ப்பட்ட டீச்சர்களை வைத்தும் என் பெண் திணறுகிறாள். உன் பெண் யாரும் சொல்லித்தராமலே போட்டுவிட்டுப் போகிறாள்.

பள்ளியில் கணக்குக்கென்று தனி வகுப்பு தொடங்குகிறார்கள். மே மாதம் தேர்வு. நகரத்து விலாசத்தில் குடியிருப்புப் பதிவுள்ள பிள்ளைகள் மட்டும்தான் எழுதலாமாம். மீரிமுக்கு இங்கே பதிவு இல்லையே, நான் என்ன செய்ய? சட்டம் நான் போட்டதில்லை.

ஜூரா


அட்-பாஷி
9 ஜனவரி 2004

ஜூராவுக்கு,

விடுமுறைக்கு வந்த மீரிமைத் திருப்பி அனுப்பவில்லை. உன் விலாசத்தில் அவளையும் பதிய ஒரு கையெழுத்து போதுமாம். மினிபஸ் ஓட்டுநருக்கே அது தெரிந்திருக்கிறது. உனக்கும் தெரியும்.

அவள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு மேய்ப்பர் மகள் பெகிமாயை உட்காரவைத்து, அங்கே படித்ததையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள். இனி எழுத ஒன்றுமில்லை.

குல்சூன்


பிஷ்கெக்
4 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக நீ எழுதவில்லை. இதையாவது கிழிக்காமல் படி.

தேர்வுக்கு அடினாயின் பெயரைக் கொடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால், நகர ஓரத்துப் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பதிவு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பையன் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "உங்க பொண்ணைப் பத்திக் கவலையே வேண்டாம். போட்டிக்கு ஆளே இல்ல" என்றார்.

நல்ல வார்த்தைதான். வீடுவரை குத்திக்கொண்டே வந்தது. என் மகள் ஜெயிக்கப்போவது ஆளே இல்லாத ஓட்டத்தில். அந்த ஆள்களில் ஒருத்தியை நானே ஊரோடு நிற்கவைத்திருக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, பதிவு கேட்காமல் எல்லாப் பிள்ளைகளையும் எழுத விடுங்கள் என்றேன். "உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு உன் பொண்ணுக்கே இடம் போயிடும்டி" என்று ஒருத்தி கத்தினாள். "போனா போகட்டும். நியாயமா போகட்டும்" என்றேன். பிறகு லாரிஸா டீச்சர் என் பக்கம் எழுந்தார், இன்னும் சிலர் எழுந்தார்கள். இரண்டு கூட்டம் சண்டை போட்டு அந்த விதியை எடுக்கவைத்தோம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். மீரிமை அனுப்பு.

பொறாமை போய்விட்டது என்று எழுதமாட்டேன். அவள் விடைத்தாளை நினைத்தால் இப்போதும் எரிகிறது. இருந்தாலும் அனுப்பு.

ஜூரா


அட்-பாஷி
13 ஜூன்

அருமை ஜூராவுக்கு,

மீரிமுடன் பெகிமாயும் தேர்வுக்கு வந்தாள் என்பது உனக்குத் தெரியும். அடினாய்க்கு இடம் கிடைக்கவில்லை என்று கேட்டதும், அல்லா என்னை மன்னிக்கட்டும், கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். மறுநாள் எங்கள் முடிவும் வந்தது. மீரிமுக்கும் இல்லை. பெகிமாய்க்குக் கிடைத்திருக்கிறது.

என் மகள் சொல்லிக்கொடுத்த பிள்ளை! மீரிம் அவளைத் தூக்கிச் சுற்றினாள். நான் போர்சோக் பலகாரம் பொரித்து எடுத்துக்கொண்டு வாழ்த்தப் போனேன். சிரித்துச் சிரித்து முகம் வலித்தது. வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் நின்று அழுதேன். மூன்று தெரு தள்ளி என்ன, முப்பது தெரு தள்ளிக்கூட அந்தப் பிள்ளையை அனுப்பியிருப்பேன். உன்னைத் திட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது.

நேற்று பெகிமாயின் அம்மா வந்தாள். பிஷ்கெக்கில் அவர்களுக்கு யாரும் இல்லை. தங்க இடமில்லாவிட்டால் கிடைத்த இடத்தை விட்டுவிட வேண்டியதுதான் என்றாள். "அதுக்கு என்ன செய்ய முடியும்" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"என் தங்கச்சி வீட்ல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உன் விலாசத்தில் அவளைப் பதிந்துவிடு. ஆகஸ்ட் கடைசியில் நானே கூட்டிவருகிறேன்.

அக்கா
குல்சூன்