அர்மேல் சாகவில்லை

சேன்-மலோ, 1752 மே 9

அன்பு மகள் ரெனேவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளை பிலிபேரும் பேரனும் க்யூபெக் பனிக்குத் தப்பி நல்ல சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் தங்கைக்கு இரண்டாவதும் பெண்தான், தலை நிறைய முடி. இனி எழுதப் போவதை நீ உட்கார்ந்து படி, யாருக்கும் வாசித்துக் காட்டாதே.

ஒன்பது வருடத்துக்கு முன் உன் மத்தூரேன் மாமா ஈரத் தொப்பி ஒன்றை நம் மேசையில் வைத்து, "கப்பல் முழுகிடுச்சு, அர்மேல் போயிட்டான்" என்று நம்மோடு சேர்ந்து அழுதாரே, உனக்கு நிச்சயம் செய்திருந்த அந்த அர்மேல் சாகவில்லை. போன செவ்வாய்க்கிழமை மீன் சந்தையில் எனக்குப் பக்கத்தில் நின்று, "இதெல்லாம் ஒரு மீனா? எங்க காதிஸ் துறைமுகத்துல பூனைகூட மோந்து பாக்காது" என்று ஒருவன் சத்தம் போட்டான். குரலைக் கேட்டதும் என் கூடை நழுவிவிட்டது. தாடை இரண்டு மடிப்பு, தொப்பை, பக்கத்தில் ஸ்பானிய மனைவி, மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்குப் பத்து வயதாம், மகளே. நீ கல்யாணப் பாவாடைக்குப் பூத்தையல் போட்டுக்கொண்டிருந்தபோதே அவன் பிறந்துவிட்டான். "நீ செத்துட்டியேடா" என்றேன். அவன் சிரித்து, "அது பழைய கதை அத்தை. நேர்ல சொல்ல தைரியம் வரல. ரெண்டு மாசம் அழுவா, அப்புறம் தேறிடுவான்னு நெனச்சேன்" என்றான். பிறகு, "ரெனேன்னா அந்த நெட்டைப் பொண்ணுதானே?" என்று கேட்டான். என் பெண்களில் நீதான் குட்டை.

அங்கிருந்து நேராக உன் மாமா வீட்டுக்குப் போனேன். மனிதர் மறுக்கவே இல்லை. "கெஞ்சினான்க்கா. வேற ஒருத்திக்காக விட்டுட்டான்னா நம்ம பொண்ணுக்கு அவமானம், கடல் கொண்டுபோச்சுன்னா கவுரவம்தானே" என்றார். தொப்பி யாருடையது என்றேன். "என்னோடதுதான், கெணத்துத் தண்ணில நனைச்சேன்" என்றார். அதைத்தான் நீ கடல் தாண்டிக் கொண்டுபோய்ப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய். வருடம் தவறாமல் கல்லறைத் திருநாளில் அர்மேல் ஆத்துமாவுக்கு நான் பூசை வைத்தபோதெல்லாம் என் கூடப் பிறந்தவன் பக்கத்தில் முழங்காலிட்டு என்னைவிடச் சத்தமாகப் பாடினானே! அர்மேலாவது ஊரான் பிள்ளை. இவனுக்கு ஊட்டி வளர்த்தவள் நான். இனி அவன் வாசலை மிதிக்க மாட்டேன்.

இதை உனக்குச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு வாரம் தவித்தேன். நல்லதுக்கு என்று மறைத்தால் நானும் இன்னொரு மத்தூரேன்தான். போன கடிதத்தில், "அவருக்குச் சமைக்கிறேன், துவைக்கிறேன், ஆனால் என் மனசு கடலடியில் கிடக்கிறது அம்மா" என்று எழுதியிருந்தாய். கடலடியில் யாரும் இல்லை, ரெனே. உனக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் பனியில் நடந்து வைத்தியரைக் கூட்டிவந்தவர் உன் வீட்டில்தான் இருக்கிறார். செத்தவன் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று நீ அழுதபோது மறுபேச்சில்லாமல் சம்மதித்து, அன்றிலிருந்து வாய் நிறைய "அர்மேல், அர்மேல்" என்று கூப்பிடுகிறார்.

திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு, அந்தத் தொப்பியை நம்பி உன்னைக் கப்பலேற்றியவள் நான். பையன் பெயரை மட்டும் மாற்றிவிடாதே, பாவம், அது இப்போது அவனுடையது. மூவருக்கும் என் முத்தமும் ஆசீரும். மறக்காமல் மாப்பிள்ளையிடம் அம்மா மன்னிப்புக் கேட்டாள் என்று சொல். எதற்கு என்று அவர் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவள் நீ.

இப்படிக்கு,
உன் அம்மா பெரீன்