திரை மூலையில் மெழுகு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். 'அன்புள்ள' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது, அதற்காக ரொம்பக் குளிர்ந்துவிடாதே. இங்கே உன் அண்ணன் நலம். நானும் நலம். நீ வைத்துவிட்டுப் போன சர்வர்தான் மணிக்கொரு தரம் செத்துப் பிழைக்கிறது.

இதைப் போனில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்விடுவாய். பேசினாலோ சிரித்தே மழுப்புவாய். அதனால்தான் தபால்.

போன லீவில் வந்து, பல்செட் செய்கிற நம் பட்டறைக்கு சர்வர் போட்டுக் கொடுத்தாய். டாக்டர்கள் அனுப்பும் வாய் அளவு, நாங்கள் கம்ப்யூட்டரில் வரையும் பல், எல்லாம் அதில்தான் இருக்க வேண்டும் என்றாய். முழு லைசென்ஸ் போட்டாயிற்று, இனி கவலையே வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். உன் அண்ணன் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தப் பெட்டியைக் காட்டி, தம்பி வைத்தது, தம்பி வைத்தது என்று வாய் ஓயாமல் சொன்னார். பல் அச்சு வார்க்கிற மாவு மூட்டை வைக்கும் அறையில் தூசு படக்கூடாது என்று என் நல்ல போர்வை ஒன்றும் அதற்குப் போனது.

கொஞ்ச மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு தானாக அணைய ஆரம்பித்தது. உன் அண்ணன் கரண்டைச் சந்தேகப்பட்டார். எலக்ட்ரீஷியன் வந்து சுவரைக் கொத்தி வயர் மாற்றினார். புது பேட்டரி வந்தது. அப்புறமும் அணைந்தது. பல் வரைகிற பெண்தான் காலால் வயரைத் தட்டுகிறாள் என்று அவளைத் திட்டினார். அவள் அழுதுகொண்டே நாற்காலியைத் தூக்கி எதிர்ச்சுவருக்குப் போட்டுக்கொண்டாள். பாவம், அதன் பிறகும் அணைந்தது. இப்போது எங்களுக்கு அதுவே பழகிவிட்டது. உள்ளறையில் பெட்டியின் காற்றாடிச் சத்தம் நின்றால் யாராவது "போச்சு" என்பார்கள், பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்ப் பித்தானை அமுக்குவார். பாதி வரைந்த பல் போனது போனதுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. லைசென்ஸ் விற்கிற கடைக்கு நானே போனேன். அங்கே இருந்த பெண் பொறுமைசாலி. நீ போட்டது சோதித்துப் பார்ப்பதற்காகக் கொடுக்கும் பிரதி, அதற்கு ஒரு கெடு உண்டு, கெடு முடிந்தால் இப்படித்தான் மணிக்கொரு தரம் தானே அணையும், தொழிலுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்றாள். சர்வருக்கு ஒரு லைசென்ஸ் வாங்கினால் மட்டும் போதாதாம். கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுத்துவிட்டு, சாப்பிட வருகிறவர்களுக்குத் தனியாக இலை போடுவது மாதிரி, அதற்குள் வந்து வேலை செய்ய ஆளுக்கோ மெஷினுக்கோ தனித்தனி அனுமதி வேண்டுமாம். எங்களிடம் ஆள் அதிகம், மெஷின் குறைவு, மாறி மாறி உட்காருகிறோம், அதனால் மெஷின் கணக்கில் வாங்குங்கள் என்று அவளே யோசனையும் சொன்னாள். பல் விளக்கத் தெரிந்த எவருக்கும் புரியும்படி சொன்னாள். வெளிநாட்டில் இதே வேலையில் இருக்கிற உனக்கு இது தெரியாதா?

தெரியும். அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அண்ணி, இத்தனூண்டு பட்டறைக்கு எவன் வந்து பாக்கப் போறான்?" என்றாய். போனை அண்ணனிடம் கொடுத்தேன். அதே வாயால் அவரிடம், "எல்லாம் பக்காவா இருக்குண்ணா, அண்ணி சும்மா பயப்படறாங்க" என்றாய். உனக்கு நாக்கு ஒன்றா இரண்டா என்று அப்போதே கேட்டிருப்பேன். அவர் பக்கத்தில் நின்றதால் விட்டேன்.

இப்போது வந்து பார்க்கப் போகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று தன் பல் வேலை முழுவதையும் நமக்குத் தர முன்வந்திருக்கிறது. நோயாளிகளின் விவரம் நம் சர்வரில் இருக்கும் என்பதால், எல்லா சாஃப்ட்வேரும் முறையான லைசென்ஸோடு இருக்கிறது என்று முதலாளி என்று உன் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதம் முதல் வாரம் ஆள் அனுப்பிச் சரிபார்ப்பார்கள். பொய் என்று தெரிந்தால் அந்த வேலை மட்டுமா போகும்? டாக்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டார்களா? இருபது வருஷமாக அவர் கையால் கட்டிய பேர்.

சரியானதை வாங்கிவிடலாம் என்று மன்றாடிவிட்டேன். வாங்க முடியாமல் இல்லை. தம்பி ஏற்கெனவே போட்டிருக்கும்போது எதற்கு என்கிறார். கடைக்காரப் பெண் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். "உனக்கு அவனை என்னிக்குமே பிடிக்காது" என்றார். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் சொல்வதும் உண்மைதானே?

இன்னொன்று. சர்வர் திரையின் கீழ் மூலையில், கெடு முடிந்தது என்று சின்ன எழுத்தில் வந்து நிற்கிறது. பல்செட்டுக்கு எடுக்கிற சிவப்பு மெழுகை யாரோ அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார்கள். கண்ணை உறுத்துகிறது என்று அந்தப் பெண்தான் ஒட்டியிருப்பாள் என்று நினைத்தேன். நேற்று அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அவரைக் கூட்டிப் போய்க் காட்டினேன். படித்தார். வெளியே போய்விட்டார். இன்று காலை போர்வையை எடுத்துப் பார்த்தால் அதே மூலையில் புது மெழுகு. சூட்டோடு அழுத்தியதில் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் விரல் அத்தனை அகலம் இல்லை.

நான் அதை எடுக்கவில்லை. எடுக்கக் கை வரவில்லை.

அவர் கையெழுத்துப் போடத்தான் போகிறார், தம்பி. உன்மேல் எனக்குள்ள ஆத்திரம் இந்தப் பிறவியில் தீராது. தீர வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. நீ ஒரே ஒரு தடவை அவரைக் கூப்பிட்டு, "அண்ணா, நான் போட்டது தப்பு, வேற வாங்கிடு" என்று உன் வாயால் சொல்லிவிடு. அண்ணி சொல்லச் சொன்னாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர் உன்னைத் திட்ட மாட்டார். பரவாயில்லைடா என்பார், அன்றைக்கே வாங்கியும் விடுவார். அதன் பிறகும் வருகிறவர்களிடம் அந்தப் பெட்டியைக் காட்டி, தம்பி வைத்தது என்றுதான் சொல்வார். சொல்லட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

குளிர் அதிகம் என்று அவரிடம் சொன்னாயாம். காதை மூடிக்கொண்டு போ. உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணனுக்கு நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

இப்படிக்கு,
உன் அண்ணி