நிழல் விழாத வாரம்

ஜூன் 12, வியாழன்

கால அட்டவணை ஒட்டிவிட்டார்கள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று இரண்டு முறை பார்த்தேன். எந்த வகுப்பிலும் என் பெயர் இல்லை. அடியில் தனியாக ஒரு வரி: இணைய வளப் பக்கங்கள், ஒருங்கிணைப்பாளர். அதற்கு எதிரில் நான்.

போன வருடம் என் ஏழு-பி பிள்ளைகளுக்காக ஒரு பக்கம் செய்தேன். செயல்திட்டத்துக்கு என்னென்ன வேண்டும், எந்தக் காணொளியைப் பார்க்க வேண்டும், எதை எப்படி அளக்க வேண்டும், எல்லாம் ஒரே இடத்தில். பள்ளிக் கணினியில் திறந்து பார்த்துவிட்டு அவர்களே வேலையைத் தொடங்கினார்கள். அதை முதல்வர் பார்த்தார். மற்ற ஆசிரியர்களும் கேட்டார்கள். செய்து கொடுத்தேன். இப்போது செய்து கொடுப்பதே என் வேலை.

"வகுப்பு வகுப்பா ஏறி இறங்க வேண்டாம். ஏசி ரூம் வேற. கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றார் முதல்வர். ஏழு-பி அறிவியல், புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்ணுக்குப் போய்விட்டது.

ஜூன் 17, செவ்வாய்

ஆய்வகத்தின் பழைய சாமான் அறைதான் என் அறை. ஏசி ஓடுவதால் ஜன்னலைத் திறக்கக் கூடாது. திறந்தாலும் எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர்தான். தலைக்கு நேர் மேலே ஏழு-பி. மணி அடித்ததும் பெஞ்சுகளை இழுக்கிறார்கள். பிறகு அமைதி. பிறகு ஒற்றைக் குரல்.

இன்று ஒன்பதாம் வகுப்புப் புவியியலுக்கு வரைபடம் ஒட்டிக்கொண்டிருந்தபோது, மேலே எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. அது ஏன் என்னை இவ்வளவு படுத்துகிறது?

ஜூன் 26, வியாழன்

கணக்கு ஆசிரியர் வந்தார். எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கோணமானி.

"மிஸ், என் பக்கத்துல அந்த முக்கோண வீடியோ ஓட மாட்டேங்குது."

"அதைப் போட்டவங்க எடுத்துட்டாங்க சார். வேற ஒண்ணு தேடி நீங்களே மாத்திடலாமே."

"மாத்தலாம். நீங்க விட்டாத்தானே."

உண்மைதான். பக்கங்களைத் திருத்தும் உரிமை என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. முதலில் எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். தமிழ் ஐயா தன் பக்கம் முழுக்க ரோஜாப்பூப் படம் போட்டார், எழுத்தே தெரியவில்லை. விளையாட்டு ஆசிரியர் ஒரு படத்தை நேராக்கப் போய் எட்டாம் வகுப்பையே அழித்துவிட்டார். இரண்டு நாள் உட்கார்ந்து மீட்டேன். அன்றைக்கே எல்லோருடைய உரிமையையும் எடுத்துவிட்டேன். அப்போது அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஜூலை 3, வியாழன்

செத்த இணைப்புகளை மாற்றினேன். நாள் முழுக்க அதுதான்.

ஜூலை 12, சனி

நேற்று முதல்வரிடம் கேட்டே விட்டேன். "ஒரே ஒரு வகுப்பு குடுங்க மேடம். ஏழு-பி மட்டும்."

"குடுக்கலாம். அந்த நேரத்துல எங்கயாவது ஒரு பக்கம் நின்னு போச்சுன்னா யாரு பார்ப்பா? உங்களை விட்டா இங்க யாருக்குங்க தெரியும்?"

பாராட்டித்தான் சொன்னார். எனக்கு வெளிக் கதவைச் சாத்திய மாதிரி இருந்தது.

வீட்டில் சொன்னேன். அவர் காய்ந்த துணிகளைக் கிளறியபடியே, "அப்படியே நம்ம வீட்டுக்கும் ஒரு பக்கம் போட்டுடு. என் பனியன் எங்க இருக்குன்னு அதுல ஒரு இணைப்பு குடு" என்றார். சிரித்தேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏன் அழணும்? யாரும் திட்டலை, அடிக்கலை. உட்கார வெச்சு சம்பளம் குடுக்கறாங்க. இதுக்கு மேல என்ன வேணுமாம் எனக்கு?

ஜூலை 26, சனி

ஏழு-பிக்காக ஒரு பக்கம். யாரும் கேட்டதல்ல, நானாகச் செய்கிறேன். வெயிலில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கொரு தரம் நிழலை அளந்து, படம் எடுத்து, எல்லோரும் ஒரே அட்டவணையில் பதிய வேண்டும். எப்படிப் பதிவது என்று காட்ட ஒரு மாதிரி வேண்டுமே. இன்று எங்கள் மொட்டைமாடியில் துடைப்பக் கட்டையை நட்டு நானே அளந்தேன். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டார். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் வந்து எங்கள் கட்டையை மூடிவிட்டது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போட்டேன்.

வெகு நாளைக்குப் பிறகு முகம் கறுக்க வெயிலில் நின்றேன். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

திங்கள் பிடித்த மழை. விடவே இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

புது டீச்சர் ஒரு கட்டு வரைதாள்களைச் சுமந்துகொண்டு என் அறைக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அக்கா, போன வாரமே எல்லாரும் முடிச்சிட்டாங்க. ஒரு பிள்ளை பாக்கி இல்ல."

விரித்துப் பார்த்தேன். வண்ணம், தலைப்பு, அம்புக்குறி, எல்லாம் அழகு. அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததை. எல்லாவற்றிலும் ஒரே அளவுகள். நாலு மணிக் கட்டத்தில் எல்லோரும் ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

"போன வாரம் பூரா மழைதானேம்மா?"

"ஆமாக்கா. என்ன மழை."

"அப்புறம் நிழல் எங்கேர்ந்து வந்துச்சு?"

"உங்க பக்கத்துலயே இருந்துச்சேக்கா. அதைத்தான் திரையில போட்டேன். பார்த்து எழுதிட்டாங்க."

தாள்களை மறுபடி அடுக்கினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மழை விடட்டும், அடுத்த வாரம் செய்யலாம்னுதான் பார்த்தேன். ஆனா வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு நீங்க தேதி போட்டிருந்தீங்க. மாத்தலாம்னு பார்த்தா மாத்தவும் முடியல. உங்ககிட்ட கேக்க பயமா இருந்துச்சு."

பயமா? என்கிட்டயா? நான் அந்தப் பிள்ளையிடம் சரியாக நாலு வார்த்தை பேசியதில்லை. மேலே அவள் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் வெந்திருக்கிறேன், அவ்வளவுதான். அவளும் பாவம், என் பக்கத்துக்குள்ளே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மாடியில் தொட்டி இல்லாத பிள்ளைகள் எல்லாம் என் பக்கத்து வீட்டுத் தொட்டியின் நிழலை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாதிரி அட்டவணையை எடுத்தேன். தேதியை எடுத்தேன். கேள்வியை மட்டும் விட்டேன். பிறகு ஒவ்வொருவராகத் திருத்தும் உரிமை கொடுத்தேன். விளையாட்டு ஆசிரியர் வந்தபோது கை நின்றது. கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல்வர் கூப்பிட்டார்.

"அடுத்த மாசம் வேற பள்ளிகள்லேர்ந்து நம்ம பக்கங்களைப் பார்க்க வர்றாங்க. இப்போ போய் இப்படிப் பண்ணி வெச்சா எப்படி? பழையபடி பூட்டிடுங்க."

"முடியாது மேடம்."

"முடியாதா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

இத்தனை வருட வேலையில் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"யோசிச்சு சொல்றேன். அது வரைக்கும் அந்த ரூம்லயே இருங்க."

ஆகஸ்ட் 22, வெள்ளி

அதே அறை. இப்போது வேலையும் இல்லை. கோணமானி தானே ஒரு காணொளி போட்டிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் எழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சரிந்து கிடக்கின்றன. ஒரு நிமிட வேலை. கை மவுஸுக்குப் போய்விட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பெரிய தப்புப் பண்ணிட்டேனோ?

செப்டம்பர் 3, புதன்

வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது, நிற்காமல் போய்விட்டது. மாடியில் ஏழு-பி என்னமோ எண்ணிக்கொண்டிருந்தது. நான் கூடவே எண்ணினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல்வர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எல்லாரும் அவங்கவங்களே போட்டுக்கறாங்க. அதுக்குத் தனியா ஒரு ஆள் எதுக்குன்னு நிர்வாகத்துல கேக்கறாங்க. இனிமே ஒருங்கிணைப்பாளர்னு யாரும் இல்ல. ஏழு-பியை நீங்க எடுத்துக்கோங்க. அந்தப் பொண்ணு எட்டாவதுக்குப் போகட்டும்." கோப்பை மூடினார். "உங்களுக்கு இது இறக்கம்தான். புரியுதில்ல?"

"புரியுது மேடம்."

முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எழுத நேரமே கிடைக்கவில்லை. எட்டாவதுக்குப் போன பெண் மதிய இடைவேளையில் என்னிடம் வந்து, "அக்கா, நான் ஒரு பக்கம் செஞ்சிருக்கேன். வந்து திட்டுங்க" என்றாள். போனேன், கொஞ்சம் திட்டினேன்.

தொண்டை கட்டிவிட்டது. அவர் எது கேட்டாலும் சைகையில்தான் பதில். "இப்போதான் இந்த வீட்ல ஒரு அமைதி" என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போயிருக்கிறார். நாளைக்கு முதல் பீரியடே ஏழு-பி. அதற்குள் குரல் வந்துவிட வேண்டும்.